கிட்டத்தட்ட ஐந்து வருடம்

தெரிந்தே ஒருவருக்குத் தவறான ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அவர் வெளிநாடு போய்விடக் கூடாது என்பதற்காக. இதுவரை எவரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

தவளக்குப்பம் சந்திப்பில், செல்போன் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் தாஸ் வந்து சேர்ந்தார். ஏம்பலத்துக்காரர், ஓட்டலில் சமையல் வேலை. சிங்கப்பூர் வேலை ஒன்றுக்காக வீடியோ காலில் நேர்காணல் வரவிருந்தது. எல்லோரும் போன பிறகும் ஏதாவது ஒரு சந்தேகத்தோடு நிற்பார். அந்தச் சந்தேகத்துக்காகவே நான் நாள் முழுதும் காத்திருப்பேன்... அவருக்கு அது தெரியாது.

நேர்காணலுக்கு முந்தைய நாள் கேட்டார்: "டீச்சர், எத்தினி வருஷம் அனுபவம்னு கேப்பாங்க. நாலு வருஷம் பத்து மாசம் ஆவுது. கிட்டத்தட்ட அஞ்சு வருஷம்னு எப்டி சொல்றது?"

'நியர்லி ஃபைவ் இயர்ஸ்'. நாக்கு நுனியில் இருந்தது.

"ஹார்ட்லி ஃபைவ் இயர்ஸ்னு சொல்லுங்க," என்றேன்.

முதல் சொல், ஐந்தை நெருங்கிவிட்டேன் என்று நிமிர்ந்து சொல்வது. இரண்டாவது, ஐந்துகூட ஆகவில்லை என்று தன்னைத் தானே குறைத்துக்கொள்வது.

வேலை கிடைக்கவில்லை.

"இன்டர்வியூ எடுத்தவரு ஹார்ட்லியான்னு திருப்பிக் கேட்டாரு, டீச்சர். ஆமா சார்னு தெகிரியமா சொன்னேன். அப்புறம் ஒண்ணுமே கேக்கல."

அப்போதும் அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை.

அந்த ஒரு சொல்லால்தான் போயிற்றா? வேறு காரணமும் இருந்திருக்கலாம்... ஆனால் அதைச் சொன்னபோது என் மனத்தில் இருந்தது எனக்குத் தெரியுமே. நேசித்தேன் என்றால் நீங்கள் ஏற்பீர்களா? அந்த நேசத்தை அவரிடம் சொல்லக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த தையில் வில்லியனூர்ப் பெண்ணை மணந்தார். இன்றும் கடலூர் சாலையில் அவர் வண்டி போகும் நேரம் எனக்குத் தெரியும். ஜன்னலருகே போய் நின்றுவிடுகிறேன்.

போன மாதம் மனைவியோடு படியேறி வந்தார். அவள் நர்ஸ், அயர்லாந்து வேலைக்கு முயல்கிறாள். கிடைத்தால் இருவரும் போய்விடுவார்கள்.

"நல்லா சொல்லிக் குடுங்க டீச்சர். எனக்குதான் அப்போ குடுத்து வைக்கல," என்றார்.

"நாளைலேந்து வரச் சொல்லுங்க," என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் தினமும் வருகிறாள். சரியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் தேறத் தேற, அவர் என்னைவிட்டுத் தூரமாகிக்கொண்டே போகிறார்.

வகுப்பு முடியும்வரை அவர் கீழேதான் காத்திருப்பார். பதினெட்டுப் படிகள். ஒருநாளும் நான் இறங்கிப் போய்ச் சொன்னதில்லை.