பட்டியலில் கடைசிப் பெயர்

பட்டியலை ஐஸில் சறுக்கும் ரிங்கின் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மேலிருந்து எண்ணினேன். பதினைந்து பெயர்கள். என் மகனின் பெயர் பதினைந்தாவது.

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில் ஒரு குளிர்காலம். கார்த் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த செக் நாட்டுக்காரர் ஒருவர் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஐஸ் ஹொக்கி பழக்கினார். பதினொரு வயது மகன் அதிலேயே கிடந்தான். சிட்னியில் ஒரு போட்டி வந்தது. பட்டியலில் உள்ள பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர்தான் போகலாம். மற்ற மூவரை நாலாம் சனிக்கிழமை வெட்டுவார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பட்டியலின் மேலே இருப்பவன் கெட்டிக்காரன், அடியில் இருப்பவன் மொக்கன். மொக்கர்களைக் கடைசி வாங்கில் இருத்துவார்கள். அந்த வாங்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

அதன்பிறகு எல்லாவற்றிலும் ஏதோ இருப்பதாகப் பட்டது. மற்றப் பிள்ளைகள் கோலுக்கு அடித்துப் பழகும்போது என் மகனை மட்டும் செக்காரர் பின்பக்கமாக வழுக்கிச் சுற்றிவர விட்டிருந்தார். ஒரு நாள் அல்ல, மூன்று சனிக்கிழமைகள். நான் கிட்டப் போனால் மற்றத் தகப்பன்மாரின் பேச்சும் தணிந்துவிடும்.

செக்காரருடைய இங்கிலீஷ் அரைவாசி, என்னுடையது கால்வாசி. துணிந்து, "வை பாக்?" என்று கேட்டேன். ஏன் பின்னுக்கு விடுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

"பாக், குட். யுவர் பாய், பாக்," என்று சொல்லி என் தோளில் தட்டினார்.

அந்தத் தட்டல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவனை வெட்டப் போகிறவன்தான் முதலில் தோளில் தட்டுவான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, அவர் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார்."

"நல்லது சொல்லுற ஆளின்ர முகத்தில தெரியும்."

"அப்ப நீங்கள் அவரின்ர முகத்தைப் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. நான் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசுகிறவன் அல்ல.

அடுத்த சனிக்கிழமை, அவர்கள் வெட்டுவதற்கு முன் நானே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மகன் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவரிடம் போய், "மை சன் ஸ்டொப்," என்றேன்.

"வை?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பெயரை வெட்டினார். இவ்வளவு சுலபமாக வெட்டுகிறவர் இதற்காகத்தான் காத்திருந்திருப்பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

காரில் ஏறியதும் மகன் வெடித்தான்.

"அப்பா, நீங்கள் ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நீ கடைசிப் பெயரடா. எப்பிடியும் வெட்டியிருப்பாங்கள்."

"ஐயோ, அது மார்க்ஸ் லிஸ்ட் இல்லை! முன்னுக்கு விளையாடுற ஆக்கள் மேல, டிபென்ஸ் ஆக்கள், 'பாக்' எண்டுறவை, கீழ. பின்பக்கமா ஓடத் தெரிஞ்சவையைத்தான் டிபென்ஸில போடுவினம். மற்றவங்கள் அப்பிடி ஓடினா விழுந்திடுவாங்கள். ஹி செட் ஐ வோஸ் த பெஸ்ட்!"

சிக்னல் பச்சையாகியும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

அந்தக் கிழமை முழுவதும் தொழிற்சாலையில் அவர் பகல் வேலை, நான் இரவு வேலை. நான் செய்தது பிழை என்பதற்கு "ஐ வோஸ் றோங்" என்று சனிக்கிழமை வரும்வரை மகன் எனக்குச் சொல்லித் தந்தான். 'றோ'வை நீட்டவேண்டாம் என்றும் சொன்னான்.

ரிங்கின் சுவரில் புதுப் பட்டியல் இருந்தது. பன்னிரண்டு பெயர்கள். கடைசிப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தக் குடும்பப் பெயரைத் தொழிற்சாலையில், அவருடைய நேர அட்டையில், பல தடவை கண்டிருக்கிறேன். மற்றத் தகப்பன்மாரோடு நிற்கும் அவருடைய தம்பியின் மகன். அந்தப் பிள்ளை பின்பக்கமாக ஓடி நான் கண்டதில்லை.

"ஐ வோஸ் றோங்," என்றேன்.

அவர் பென்சிலைக் காதில் செருகினார். "பஸ் ஃபுல். நெக்ஸ்ட் இயர்," என்று சொல்லித் தோளில் தட்டினார். இந்த முறை நான் முகத்தைப் பார்த்தேன். அவர் ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "முகத்தைப் பாத்தனீங்களோ?"

"நான் பாத்தனான். அவர்தான் என்னைப் பாக்கேல்லை."

"அப்ப அவரும் உங்களைப் போல கூச்சக்காரனோ, இல்லாட்டி முகம் குடுக்கேலாத வேலை செய்தவரோ?"

பஸ் சிட்னிக்குப் புறப்பட்ட காலையில் மகன் கட்டிலைவிட்டு எழும்பவில்லை. நான் அவனை எழுப்பவும் இல்லை.