நாடா இறுகிய இடம்

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். காரைக்காலில் நர்சிங் படித்தபோது தோலைப் பற்றிய பாடம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. மேல்தோல், உள்தோல், அடியில் கொழுப்பு. வேர்வையை வெளியேற்றும், சூட்டைத் தணிக்கும், கிருமியைத் தடுக்கும். நான் வரைந்த படத்தை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார்கள். அந்தப் படத்தில் நாற்றம் இல்லை.

நாற்றம் வரிச்சிக்குடியில், எங்கள் வீட்டில் இருந்தது. எங்களோடு இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவர். சேற்றில் குனிந்து நிற்கும்போது சேலை நழுவக் கூடாதென்று பாவாடை நாடாவை இடுப்பு நோக இறுக்கிக் கட்டுவார். ஈரத்தோடு வீடு வந்து, அடுப்பு வேலை முடிந்த பிறகுதான் அவிழ்ப்பார். நாடா அழுந்திய இடத்தில் படர்தாமரை வந்துவிட்டது. அங்கே சொறிந்த விரலாலேயே புளியைக் கரைப்பார். நான் குழம்பு ஊற்றிக்கொள்ள மாட்டேன்.

நடவுக்குப் போகும் பெண்களிடம் ஒரு டியூப் கைமாறிக்கொண்டே இருக்கும். பெயர் யாருக்கும் தெரியாது. காலி டியூப்பை மருந்துக்கடையில் நீட்டினால் புதியதைத் தருவார்கள். தடவியதும் அரிப்பு அடங்கும். அதில் இருப்பது ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கிவிட்டு, பூஞ்சையை அடியில் பரவவிடும், தோலையும் மெலியவைக்கும். அத்தையும் அதைத்தான் தடவுவார்; வேண்டாமென்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

ஒரு நாள் அண்ணனின் குழந்தையைக் குளிப்பாட்டும்போது அதன் உள்தொடையில் சிவந்த வளையம் ஒன்றைப் பார்த்தேன். இன்னும் நடக்கத் தொடங்காத பிள்ளை. பொழுதெல்லாம் அத்தையின் இடுப்பில்தான் இருக்கும். அத்தை டியூப்பைத் திறந்துகொண்டே வந்தார். பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன். குழந்தையின் தோல் மெல்லியது, மருந்து சுலபமாக உள்ளே இறங்கிவிடும்.

"என்னடி, பீய மிதிச்சவ மாதிரி நிக்கிற?"

"அத மிதிச்சாக்கூட கழுவிட்டுப் போயிடலாம் அத்த. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"கண்ட ஆம்பளகிட்ட இடுப்பக் காட்டச் சொல்றியா? நீதான் பெரிய படிப்பு படிக்கிறியே, நீயே பாரு."

கதவைச் சாத்திவிட்டு நாடாவைத் தளர்த்தினார். ஊறிய துணியின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. இடுப்பைச் சுற்றிக் கருத்த பட்டை. அதன் ஓரத்தில் ஈரம் ஊறிய செதில்கள். நடுவில் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, ஊதா வரிகள் ஓடின. அடிநாக்கில் எச்சில் ஊறியது. வாந்தி எடுத்துவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கு வைத்தியம் தெரியாது அத்த. டாக்டர்தான் பாக்கணும். நீங்க வரலன்னா இனிமே புள்ளயத் தூக்காதீங்க."

அத்தை நாடாவை முடிந்தார். மறுநாள் காலை குழந்தையை அண்ணி தூக்கிக்கொள்ள, அத்தை எங்களுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

அன்று இருந்தவர் ஆண் டாக்டர்தான். "புள்ளைக்கு மட்டும் மருந்து குடுத்தா திரும்பத் திரும்ப வரும்மா" என்றார். அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தானே நாடாவை அவிழ்த்தார்.

குழந்தையின் தொடை சுத்தமாகிவிட்டது. அத்தைக்கு அரிப்பு போய்விட்டது. அந்த வரிகள் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை மறுபடி அத்தையின் இடுப்பில் ஏறிவிட்டது. நான்தான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.