ஜமீன் வயிறும் நிச்சயதார்த்தப் பந்தியும்

1. பாயசம் வந்த நேரம்

என் இலையில் பாயசம் ஊற்றிவிட்டு ஆள் நகர்ந்ததும் கோமதி ஓடிவந்தாள். அன்று நிச்சயதார்த்தமே அவளுக்குத்தான். பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, "டாக்டரம்மா, கோவிச்சுக்கிடாதீங்க, கைய கழுவிட்டு வாங்க. ஜமீனு ஒரு மாதிரியா நிக்கான்" என்றாள்.

கால்நடை மருத்துவராக இருந்த காலம் முழுவதும் நான் நிம்மதியாகச் சாப்பிட்டு எழுந்த விருந்துகள் ரொம்பக் குறைவு. பந்தியில் உட்கார்ந்தால்தான் ஊரில் ஏதாவது ஒரு மாடு கன்று ஈனும். பாயசத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தேன்.

ஜமீன் என்பது கிரேட் டேன் நாய். கரிவலம்வந்தநல்லூரில் போர்வெல் லாரி வைத்திருக்கும் பரமசிவம் அண்ணாச்சி, புது வீடு கட்டிய கையோடு, இவ்வளவு பெரிய கேட்டுக்குப் பின்னால் நிற்க ஒன்று வேண்டாமா என்று வாங்கிவந்தது. நின்றால் என் இடுப்புக்கு மேலே இருக்கும். வாங்கியது அண்ணாச்சியின் கௌரவத்துக்கு. குட்டியிலிருந்து மடியில் போட்டு வளர்த்தது அவருடைய ஒரே மகள் கோமதி. நான் அப்போது சங்கரன்கோவில் அரசு கால்நடை மருத்துவமனையில் இருந்தேன். ஓய்வுபெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி.

2. அண்ணாச்சி வீட்டு உபசாரம்

முதல் தடுப்பூசி போட்ட அன்றே தலைபாடாக அடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, இந்த மாதிரி பெரிய நாய்க்கு நெஞ்சுக்கூடு ஆழம். உள்ள இரைப்பை ஆடுறதுக்கு எடம் ஜாஸ்தி. வயிறு முட்டத் தின்னுட்டு ஓடினா கேஸ் பிடிச்சு உப்பும். சமயத்துல இரைப்பையே முறுக்கிக்கிடும். தீனிய மூணு வேளையாப் பிரிச்சுப் போடுங்க. தின்ன பெறவு ஓட விடாதீங்க."

அண்ணாச்சி மரியாதையாகத்தான் கேட்டார். கடைசியில், "பிரிச்சுப் பிரிச்சுப் போட்டா வாரவங்க எப்பிடிம்மா பாக்கது?" என்றார்.

அந்த வீட்டுக்கு யார் போனாலும் முதலில் காபி. அடுத்து, "ஜமீன் சாப்பிடுதத பாத்தியளா?" என்ற கேள்வி. பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் விடமாட்டார். ஒரு அகலத் தாம்பாளம் நிறையச் சோறு வரும். நாய் மூச்சு விடாமல் அதைக் காலி செய்யும். வந்தவர் "யாத்தாடி" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அண்ணாச்சி பந்தைத் தூக்கி எறிவார், ஜமீன் காம்பவுண்டைச் சுற்றி ஓடும். அதையும் பார்த்த பிறகுதான் கேட் திறக்கும். மின்சார மீட்டர் பார்க்க வருகிற பையனே இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறான். விருந்தாளி வராத நாட்களில் கோமதி நான் சொன்னபடி பிரித்துப் போட்டாள். அதனால்தான் நாய் அதுவரை தப்பித்து வந்தது.

நிச்சயதார்த்தத்தன்று அண்ணாச்சி ஒரு படி மேலே போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நாய் நன்றாகத் தின்ன வேண்டும் என்று காலையிலிருந்து அதைப் பட்டினி போட்டிருக்கிறார். பந்தி முழுக்கச் சைவம், ஜமீனுக்கு மட்டும் ஆட்டுக்கறிச் சோறு. மாப்பிள்ளையின் பெரியப்பா, திருவேங்கடத்துக்காரர், தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த வீட்டுல நாயாப் பொறந்திருக்கலாம் போல" என்றாராம். அண்ணாச்சிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பந்தை எறிந்தார்.

3. ஆளுக்கொரு வைத்தியம்

நான் கொல்லைப்பக்கம் போனபோது ஜமீன் நாலு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. வாந்தி எடுக்கத் தவித்தது, ஒன்றும் வரவில்லை. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது. வயிற்றைத் தட்டினால் தவில் மாதிரி சத்தம். ஈறு வெளுத்திருந்தது. இரைப்பை முறுக்கிக்கொண்டுவிட்டது என்று புரிந்தது.

சுற்றி நின்றவர்களுக்குக் கலக்கம் இல்லை, யோசனைகள்தான் இருந்தன. ஒருவர் கண்ணு பட்டுட்டு என்று எலுமிச்சம்பழத்தோடு நின்றார். ஒருவர் சோடா உடைத்துக்கொண்டிருந்தார். கோமதியின் தாய்மாமன் சுடலைமுத்து, பனவடலிசத்திரத்தில் மாடு வைத்திருப்பவர், கையில் நல்லெண்ணெய்ப் பாட்டிலும் மூங்கில் குழாயுமாக நாயின் வாயைப் பிளக்கப் போனார்.

"சுடலைமுத்து அண்ணாச்சி, கைய எடுங்க!" என்று கத்தினேன்.

"ஏம்மா, வயிறு உப்பினா எண்ணெய ஊத்தி நடத்துங்கன்னு எங்க ஊரு முகாம்ல நீங்கதான சொன்னிய?"

"அது மாட்டுக்கு!"

"எல்லாம் வயிறுதான?"

வந்த கோபத்தில் எண்ணெய்ப் பாட்டிலைப் பிடுங்கிவிட்டேன். "மாட்டு வயித்துக்கு நாலு அறை. இதுக்கு இருக்கது ஒண்ணு, அதுவும் முறுக்கிக் கெடக்கு. சாக்கு வாயக் கட்டிட்டு மேல எண்ணெய ஊத்தினா எங்கன போவும்? நுரையீரலுக்குத்தான் போவும். இன்னும் நடக்க வச்சா இங்கனயே விழுந்துரும்."

முகாமில் நான் சொன்ன அத்தனையிலும் மனுஷர் மனதில் நின்றது அந்த ஒரு வரிதான். அதுவும் இன்றைக்கென்று ஞாபகம் வந்திருக்கிறது.

ஸ்கூட்டரிலிருந்து பையை எடுத்துவரச் சொன்னேன். முடியைக் கத்தரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, கடைசி விலாவுக்குப் பின்னால் வயிறு அதிகமாக உப்பிய இடத்தில் பெரிய ஊசியைக் குத்தினேன். புஸ்ஸென்று காற்று வந்தது. கூடவே ஆட்டுக்கறி வாசனையும் வந்தது. பெரியப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நாய் மூச்சு விட்டதும், "சரியாப் போச்சு, எல்லாரும் வாங்க, தட்ட மாத்துவோம்" என்று ஒரு குரல் எழுந்தது.

"ஒண்ணும் சரியாவல" என்றேன். "காத்துதான் போயிருக்கு, முறுக்கு அப்பிடியே இருக்கு. திரும்ப உப்பும். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் வயித்தத் திறந்து திருப்பி வைக்கணும். இப்பமே கெளம்பணும்."

பெரியப்பா வாட்ச்சைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப்போவுது. நாய அப்புறம் கொண்டுபோவலாம்லா?"

பரமசிவம் அண்ணாச்சி ஜமீனைப் பார்த்தார், சம்பந்தி வீட்டாரைப் பார்த்தார். "ஒரு அரை மணி நேரம் தாங்காதாம்மா?" என்று என்னிடம் கேட்டார். குரல் கீழே இறங்கியிருந்தது.

"அப்பா, அவன் செத்துப்போவான்" என்றாள் கோமதி. அழுகையில் மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"வந்தவங்க என்னட்டி நெனப்பாவ?"

"என்னத்தயும் நெனச்சுட்டுப் போட்டும். காலைல இருந்து வந்தவங்களுக்காவத்தான அவனப் பட்டினி போட்டிய?"

அதுவரை வாயே திறக்காமல் நின்ற மாப்பிள்ளை கார்த்திக் முன்னால் வந்தான். "நாங்க வந்த வேன் சும்மாதான் நிக்குது. பின்னால சீட்ட மடக்கிட்டா படுக்க வச்சிரலாம்" என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"ஏலே, நீ மாப்பிள்ள!" என்றார் பெரியப்பா.

"ஆமா பெரியப்பா. டிரைவர் பந்தியில இருக்காரு, நான் ஓட்டுதேன்."

போர்வையில் கிடத்தி நாலு பேர் தூக்கினோம். தலைப்பக்கம் பிடித்தவர் சுடலைமுத்துதான். வேனில் டிரிப் போட்டேன். வழி முழுக்கக் கோமதி ஒரு கையால் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜமீன் காதைத் தடவிக்கொண்டே வந்தாள். நடுவில் வயிறு மறுபடி உப்பியது, மறுபடியும் குத்தினேன். கார்த்திக் திரும்பிப் பார்க்கவே இல்லை, ஓட்டினான். திருநெல்வேலி டாக்டருக்கு முன்கூட்டியே போன் செய்திருந்ததால் மேஜை தயாராக இருந்தது. இரைப்பை இன்னும் அழுகிக் கறுக்கவில்லை. திருப்பி வைத்து, மறுபடி சுற்றாதபடி வயிற்றுச் சுவரோடு தைத்தார்கள். ஜமீன் கண் விழித்ததும் கோமதி ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இதற்கிடையில் கரிவலம்வந்தநல்லூரில் நல்ல நேரம் முடிவதற்குள் பெரியவர்கள் தட்டு மாற்றிக்கொண்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லாமலே நிச்சயதார்த்தம் சிறப்பாக நடந்தது. அதில் ஒரு குறையும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

4. மறுவீட்டு இலை

நாய் பிழைத்த பிறகு அண்ணாச்சி இந்த நோய்க்கு ஸ்பெஷலிஸ்ட் ஆகிவிட்டார். வருகிறவர்களுக்கு இப்போது காபி, அடுத்து தழும்பு. "உள்ளயே தச்சு வச்சிருக்கு. இனி எவ்வளவு போட்டாலும் முறுக்காதுல்லா?" என்று என்னிடமே கேட்டார். "முறுக்காட்டாலும் உப்பும் அண்ணாச்சி, உப்பினாலும் ஆபத்துதான்" என்று நான் பல்லைக் கடித்தேன். தாம்பாளத்தைக் கோமதி பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன். பெரிய நாய் ஒன்று வாந்திக்குத் தவித்து ஒன்றும் வராமல், வயிறு உப்பி நின்றால், பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். காலையில் பார்க்கலாம் என்கிற நோய் இல்லை இது. இன்னொன்று, தீனி விஷயத்தை நாயை வாங்கியவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அந்த வீட்டில் அதற்காக அழப்போகிறவர் யாரென்று பார்த்து அவரிடம் சொல்லுங்கள்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கார்த்திக் இலையில் ஆட்டுக்கறி, நாட்டுக்கோழி, முட்டை, மீன். அண்ணாச்சியே கரண்டியோடு நின்றார். சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை சாப்பிடுவதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "வெக்கப்படாதிய மாப்பிள்ள, இன்னும் ரெண்டு துண்டு" என்று போட்டுக்கொண்டே இருந்தார். அவனுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. "முடிச்சிட்டு வாங்க, லாரி ஷெட்டப் பாத்துட்டு அப்பிடியே தோட்டத்த ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்."

கோமதி இலைக்கு மேலே கையை நீட்டி மறைத்தாள். "அப்பா, மிச்சத்த ராத்திரிக்குப் பிரிச்சுப் போடுங்க. தின்ன பெறவு ஓட விடாதிய."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மகளைப் பார்த்தார், ஓரத்தில் படுத்திருந்த ஜமீனைப் பார்த்தார். கரண்டியைச் சட்டிக்குள் திருப்பி வைத்தார். அந்த வீட்டில் கரண்டி திரும்பிப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு பாயசம் வந்தது. முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.