ஒயரைப் பிடுங்கிப் பார்த்த அத்தை

பெங்களூர் விவேக் நகரில் வரன் பார்த்துக் கொடுக்கும் அத்தை ஒருவர் இருக்கிறார். உறவில் அத்தை இல்லை. எங்கள் கல்யாணத்தை முடித்து வைத்தவர் என்பதால் நானும் மனைவியும் அப்படிக் கூப்பிடுகிறோம். யாரையும் நம்பாமல் இருப்பதுதான் அவர் தொழில். மாப்பிள்ளை சொல்லும் சம்பளத்தை நம்ப மாட்டார், ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்க்காமல் வயதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

போன வருடம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, கைவசம் உள்ள வரன்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு வைக்க வழி செய்து தரச் சொன்னார்.

"ஆனா நெட்டுல போகக் கூடாது. ஒரு பொண்ணோட சங்கதி வெளிய போச்சுன்னா அவ வாழ்க்கையும் போச்சு, என் பொழப்பும் போச்சு."

தெருவில் வீட்டுக்கு வீடு ஐடி ஆட்கள் இருக்க, என்னை ஏன் தேடி வந்தார் என்று எனக்கு அப்போதே சந்தேகம். கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டார்.

அலுவலகத்தில் நான் செய்வது வலைப்பக்கங்கள். அதே கருவிகளால் ஒரு பக்கம் செய்து, அதை முகவரிப் பட்டை இல்லாத பிரவுசர் ஒன்றுக்குள் வைத்து, கம்ப்யூட்டரில் தனியாகத் திறக்கும் செயலியாக ஆக்கிவிடலாம். முதலிலிருந்து எழுதச் சோம்பல்பட்டு, யாரோ பாதி செய்து இலவசமாகப் போட்டு வைத்திருந்த ஸ்டார்ட்டர் ப்ராஜெக்ட் ஒன்றை இறக்கினேன். ஒரு கட்டளை அடித்ததும், முன்பின் தெரியாதவர்கள் எழுதிய கோப்புகள் நூற்றுக்கணக்கில் திரையில் ஓடத் தொடங்கின. பக்கத்தில் இருந்த அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இன்னாடா இது, இவ்ளோ வருது?"

"எல்லாம் தேவைதான் அத்தை. ஃப்ரீதான்."

"சும்மா எவன்டா குடுப்பான்? இவங்கல்லாம் யாரு, உனக்குத் தெரியுமா?"

தெரியாதுதான். ஆனால் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று அவருக்குச் சமாதானம் சொன்னேன். அதற்குள் அழகான வரவேற்புப் பக்கத்தோடு ஜன்னல் திறந்தது. அத்தை எழுந்து போய், வீட்டுக்கு நெட் தரும் ரௌட்டரின் ஒயரைப் பிடுங்கினார்.

"இப்ப தொற."

மூடித் திறந்தேன். வெறும் வெள்ளைத் திரை.

"பாத்தியா?" என்றார், வயதைக் குறைத்துச் சொன்ன மாப்பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தியோடு.

உள்ளே நோண்டினேன். அந்த ப்ராஜெக்ட் தனக்கு வேண்டிய பாதியை எங்கோ ஒரு சர்வரிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. யார், எப்போது திறக்கிறார்கள் என்று உளவு பார்க்கும் வரி ஒன்றும் ஓரமாக ஒளிந்திருந்தது. எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு நானே புதிதாகத் தொடங்கினேன். ஒரு ஜன்னல், ஒரு பக்கம், விவரங்களை அந்தக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளும் ஒரு கோப்பு. வெளியிலிருந்து எதைச் சேர்த்தாலும் திறந்து பார்த்த பிறகே சேர்த்தேன்.

"ரெண்டு சந்தேகப் பிராணியும் ஒண்ணா சேந்துட்டீங்க," என்றாள் மனைவி. அவள் குத்தலுக்குக் காரணம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஸ்கூட்டர் கேட்கிறாள். பெங்களூர் டிராஃபிக்கைச் சாக்குச் சொல்லி நான் மறுத்துவருகிறேன். உண்மைக் காரணம் வேறு. கல்யாணத்துக்கு முன் அத்தை என்னை மாதா கோயில் வாசலில் ஓரமாக நிறுத்தி, பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததுண்டு என்று சொல்லியிருந்தார். யாரிடமும் மூச்சு விடாதே, அவளிடம் கேட்டால் மனசு உடைந்துபோவாள் என்றார். நான் கேட்கவே இல்லை. வண்டியை மட்டும் கையில் கொடுக்கப் பயந்தேன்.

நான் செய்த செயலி ஒயர் இல்லாமலே திறந்தது. முதல் வரனை, யாரோ ஒரு நர்ஸ் பெண்ணை, அத்தையே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிச் சேர்த்தார். மற்றவர்களைச் சேர்க்காமல் சில வாரங்கள் இழுத்தடித்தார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார், முகமெல்லாம் சிரிப்பாக.

"உன் மெஷின் பாஸுடா. அந்த நர்ஸு பொய். அப்டி ஒருத்தியே கெடையாது. கோயில்ல ஒருத்தர் கூட அவளப் பத்திக் கேக்கல."

எனக்குப் புரியவில்லை.

"யாரையாவது நம்பணும்னா மொதல்ல ஒரு பொய்ய ரகசியமா சொல்லி வுடுவேன். அது சுத்தி என்கிட்டயே வந்துச்சுன்னா ஆளு அவ்ளோதான். உன்கிட்டயும் சொன்னேனே, பொண்ணுக்கு வலிப்புன்னு. இத்தன வருஷத்துல ஒரு தடவ வெளிய வந்துதா? அதான் உன்னத் தேடி வந்தேன்."

"அப்ப அது பொய்யா அத்தை?"

"கல்யாணம் முடிஞ்சதும் அது பொய்யின்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுவேனே. உன்கிட்ட சொல்லல?"

காப்பியோடு வந்த மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அத்தை காப்பியைக் குடிக்காமல் கிளம்பினார். அவர் மேல் எனக்கு எரிச்சலாக வந்தது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஸ்கூட்டர் அதுக்குத்தானா?"

"ஆமா. உனக்கு ஏதாவது ஆயிடும்னு பயம்."

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"நான் தனியா எங்கயாவது போவேன்னு உங்களுக்கு என் மேல சந்தேகம்னு நெனச்சேங்க. இத்தன வருஷமா அப்படியேதான் நெனச்சிட்டிருந்தேன்."