சந்தனம் பூசிய பிளக் ஒயர்

வேலேந்தி வினை தீர்க்கும் முருகப் பெருமான் திருவடி போற்றி.

அன்று விஜயதசமி. சிவகாசியில், பெட்ரோலில் ஓடும் எங்கள் லோடு வேனுக்குப் பூசை முடித்து, தாயில்பட்டிக்குப் பட்டாசுப் பெட்டிகள் ஏற்றக் கிளம்பினோம். என்ஜின் விட்டுவிட்டு இருமியது. இருக்கையைத் தூக்கிப் பார்த்தால், ஸ்பார்க் பிளக்குக்குச் செல்லும் ஒயர் மீதும் ஓட்டுநர் மாரி ஈரச் சந்தனம் பூசியிருந்தார். ஒயரின் விரிசலில் நீலப் பொறி தெறித்தது.

லோடு பிடித்துத் தந்த என் மைத்துனர், “தொடச்சிட்டு டேப்பைச் சுத்துங்க அத்தான். சாமி கும்பிட்ட வண்டிக்கு என்ன வந்துரும்? சீசன் ஆர்டர், கை மாறிரும்” என்றார்.

“சாமிதான் பொறியைக் கண்ணுல காட்டிருக்கு. பாத்த பெறகும் வெடிமருந்தை ஏத்தச் சொல்லுதியே மாப்பிள!” என்றேன்.

“ஓட்டுறவன் நான்லா? நானும் வீடு போய்ச் சேரணும்” என்றார் மாரி.

ஒயரைக் கழற்றி உதிரிபாகக் கடைக்குப் போனேன். வேறு வண்டியின் ஒயரைக் காட்டி, “இதுவும் மாட்டிக்கிடும்” என்றார் கடைக்காரர். மறுத்துவிட்டேன். உரிய ஒயரும் பிளக்கும் விருதுநகரிலிருந்து மறுநாள்தான் வந்தன. அதற்குள் ஆர்டர் வேறு வண்டிக்குப் போயிற்று.

“உங்க பக்தி ஒயர்கிட்ட தோத்துப்போச்சே” என்று மைத்துனர் இன்றும் கேலி செய்கிறார். செய்யட்டும். இப்போதெல்லாம் பூசைச் சந்தனம் ஸ்டீயரிங்கோடு நின்றுவிடும். வண்டியின் மாதிரியைச் சொல்லி, அதற்குரிய பிளக்கையும் ஒயரையும் மட்டுமே வாங்குகிறேன். பொறி கசியும் வண்டியில், எவர் கோபித்தாலும், ஒரு பெட்டியும் ஏறாது.

வாசிக்கும் உங்கள் அனைவரையும், உங்களுக்காக வண்டியோட்டுவோரையும் வேலவன் நலமே வீடு சேர்ப்பானாக.