தேயிலை மேல் விரித்த கம்பி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லொறிக் கிளீனராகவும் வயரிங் வேலைக்கு எடுபிடியாகவும் ஊர் ஊராகத் திரிந்ததில் வானொலிப் பித்து ஒட்டிக்கொண்டது. பரீட்சையில் ஒருமுறை தோற்று, பிறகு தேறி, சொந்தமாக வானலையில் பேச அனுமதிக்கும் அமெச்சூர் உரிமம் எடுத்தேன்.

அந்த மழைக்காலத்தில் கண்டி மலைநாட்டில், கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தங்கியிருந்தேன். தேயிலைக்கு முந்திய காப்பிக் காலத்தில் காப்பிப்பழம் உரித்த கற்கட்டடம் ஒன்று அங்கே பாதிக் கூரையோடு நின்றது. அதில் சாக்கு விரித்துப் படுப்பேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ரொட்டி கிடைக்கும்.

எண்பது மீற்றர் அலைக்கு முறையாக அன்டெனா கட்டப் பெரிய வெளி வேண்டும். அதைச் சின்னதாக்கிப் பையில் கொண்டுதிரிய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூங்கில் கம்பில் நிமிர்த்திய கம்பி, நடுவில் தண்ணீர்க்குழாய்த் துண்டில் நான் சுற்றிய சுருள், நிலத்தில் நாலாபக்கமும் விரித்த தரைக்கம்பிகள். தரைக்கம்பி இல்லாவிட்டால் அனுப்பும் சக்தி மண்ணோடு போய்விடும்.

அம்பிட்டியவில் ஒரு முஸ்லிம் நண்பர், இரும்புக்கடைக்காரர், தன் வீட்டு வானொலிப் பெட்டியில் என் குரலைக் கேட்டு, எப்படி வருகிறது என்று சொல்வார். "மச்சான், நீ பேசுறியா, பப்படம் பொரிக்கிறியா? கம்பியக் கீழ படுக்கப் போட்டுப் பாரன்" என்பார். நான் கேட்கவில்லை. நிமிர்ந்த கம்பிதான் என் பிடிவாதம்.

ஒரு பகல் லயத்தின் பின்சுவர் சரிந்து, கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியின் காலை நசுக்கியது. துணியால் இறுக்கியும் இரத்தம் நிற்கவில்லை. போன் கோபுரம் காலையிலேயே செத்திருந்தது. அவள் கணவன் என்னிடம் ஓடிவந்தான்.

கூப்பிட்டேன். அம்பிட்டிய நண்பர் பெட்டியில் உடனே எடுத்தார். "வெளங்குது. அம்புலன்ஸுக்குச் சொல்றன். பெட்டிய அணைக்காத."

அதற்குள் கீழிருந்து வந்தவர்கள் கலஹாப் பாதையில் மண் சரிந்து மூடிவிட்டதாகச் சொன்னார்கள். வண்டி தெல்தோட்டைப் பக்கமாகச் சுற்றி வரவேண்டும். மறுபடி கூப்பிட்டேன். இரைச்சலுக்குள் நண்பரின் குரல் மட்டும் வந்தது.

"வண்டி பொறப்பட்டுட்டு மச்சான். ஒன்ட சத்தம் ஒண்டும் வருதில்ல."

"கேக்குதுங்களாண்ணே?" என்றான் கணவன்.

"அவரு பேசுறது கேக்குது. நம்மளுது போகல."

கம்பியைப் பார்க்க வெளியே ஓடினேன். தோட்டத்துக் காவற்காரர் என் தரைக்கம்பிகளைக் குறட்டால் துண்டு துண்டாக வெட்டிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பன்னிக்குக் கண்ணி வச்சது நீங்கதானா? இந்த மழையில ஆளுக ஓடுற பாதையிலயா வைப்பீங்க?"

"கண்ணி இல்லங்க. ரேடியோக் கம்பி."

"ரேடியோக் கம்பிய மண்ணுலயா போடுவாங்க? என் நாயி இப்படி ஒண்ணுல சிக்கித்தான் செத்துச்சு."

அவர் சொன்னதில் பிழை இல்லை. கம்பி போடுமுன் லயத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னதும் சுருளை என் கையில் திணித்துவிட்டு, "என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார்.

பழையபடி நாலாபக்கமும் விரிக்க நேரமில்லை. துண்டுகளின் நுனியைப் பல்லால் உரித்து முறுக்கி, இரண்டு நீளக் கம்பிகளாக்கி, நிமிர்ந்த கம்பிக்குப் பதிலாகப் பெட்டியில் மாட்டினேன். காவற்காரர் ஒன்றை இழுத்துக்கொண்டு மேலே போனார், கணவன் மற்றதைக் கீழே கொண்டுபோனான். தேயிலைச் செடிகளின் தலைமேல் அப்படியே கிடத்தினோம். தாழக் கிடக்கும் கம்பி அலையை நேரே வானத்துக்கு எறியும், அது அங்கே பட்டுப் பக்கத்து மலைகளிலேயே திரும்பி விழும். நண்பர் சொன்னதும் அதைத்தான்.

பெட்டிக்குப் பூட்டியிருந்த மோட்டார் சைக்கிள் பற்றரி இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சை விட்டு, குறைந்த சக்தியிலும் எட்டும் மோர்ஸ் தந்திக்குறிகளைத் தட்டினேன். கலஹாப் பாதை மூடிவிட்டது, தெல்தோட்டையால் வா. பதில் இல்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தட்டினேன். கீழிருந்து திரும்பி வந்த கணவன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெல்தோட்டை," என்றது பெட்டி. "வெளங்கிட்டு. டிரைவருக்குச் சொல்றன்." அதோடு பெட்டியின் விளக்கு அணைந்தது.

லயத்து ஆட்கள் கம்பளியில் தொட்டில் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு தெல்தோட்டைப் பாதைக்கு இறங்கினார்கள். நான் கட்டடத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். செத்த பெட்டியை விட்டுப் போக ஏனோ முடியவில்லை. இருட்டுமுன் காவற்காரர் ஏறி வந்தார்.

"ஏத்திட்டாங்க. பேசிக்கிட்டுத்தான் போச்சு அந்தப் புள்ள."

கண்டி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். உயிர் தங்கியது.

காவற்காரர் விபத்து நடந்த அன்றிரவே தன் பழைய சிவப்புச் சட்டையைக் கிழித்து, என் கம்பியில் முழத்துக்கொரு துண்டாகக் கட்டினார். "இனி எங்க போட்டாலும் இதோட போடுங்க" என்றார். சிவப்புத் துணி கட்டிய அன்டெனாவைப் பார்த்து அம்பிட்டிய நண்பர் இன்னும் சிரிக்கிறார்.