கோயிலுக்கு ஆகாத கிடா

பண்டாரவளையிலிருந்து தந்தி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் கிடாவுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சலோடு அங்கே போன நம் டாக்டர் அருளப்பன் இனித் திரும்பமாட்டார். அவரை அறிந்த ஹாலிஎல தோட்டத்து மக்களே, நம்ப எனக்கும் மனம் வரவில்லை.

அவர் அறுவை செய்யும்போதெல்லாம் மயக்கமருந்து பிடித்தவன் நான். பெருங்குடலை வெட்டித் தைத்தால் சிலர் ஏன் பிழைக்கிறார்கள், சிலர் ஏன் சாகிறார்கள் என்ற கேள்வி அவரைப் பாடாய்ப் படுத்தியது. கறிக்கடைக்குப் போகும் ஆடுகளை வாங்கிவந்தார். சிலவற்றின் குடலை நேராக வெட்டித் தைத்தார். சிலவற்றில் முதலில் அடைப்பு உண்டாக்கி, பிறகு வெட்டித் தைத்தார். முன்னதில் தையல் கூடியது. அடைப்பால் வீங்கிய குடலிலோ நூல் அறுத்துக்கொண்டு பிரிந்தது. ஆடு செத்த நாளில் அவருக்குச் சோறு இறங்காது. "பாவத்த சேத்துக்கிட்டோம், பாடத்தையாவது ஒழுங்கா படிக்கணும்பா" என்பார்.

அந்தச் சமயத்தில், மாடசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று சாக்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்தது. டாக்டர் அடைப்பை எடுத்தார். உடனே தைத்து இணைக்கவில்லை. குடலின் வாயை வயிற்றுக்கு வெளியே விட்டுவைத்து, வீக்கம் வடிந்த பிறகே இணைத்தார். கிடா பிழைத்தது. ஆனால் தழும்பு விழுந்ததைச் சாமி ஏற்காது என்று பூசாரி கைவிரித்துவிட்டார். நேர்ந்த கங்காணி வேறு கிடா தேடிப் போக, இது நம் வாசலிலேயே தங்கிவிட்டது. "என் கத்தி பட்டதால பூசாரி கத்திக்குத் தப்பிச்சிட்டான் பய" என்று டாக்டர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு கொஸ்லந்தவிலிருந்து முத்தையாவைக் குடல் அடைப்போடு தூக்கிவந்தார்கள். அவன் மனைவி செல்லம்மா டாக்டரின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் உள்ள வச்சுத் தைச்சிருங்க ஐயா. குடல வெளியில வச்சுக்கிட்டு இவரு எப்படிங்க காலையில பேரு குடுக்க நாலு பேரு முன்னாடி பெரட்டுல நிப்பாரு?"

"இன்னைக்கு இணைச்சா உள்ளுக்குள்ள பிரிஞ்சிரும்மா. வீக்கம் வடியட்டும். கொஞ்சம் பொறுத்துக்க."

அவள் நம்பவில்லை. டாக்டர் அவளை வாசலுக்கு அழைத்துப்போய்க் கிடாவின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தழும்பில் வைத்த கையை அவள் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு, "சரிங்க" என்றாள். வீக்கம் வடிந்து குடலை இணைத்த பிறகு, முத்தையா இன்றும் தினமும் பெரட்டில் நின்று, பேர் கொடுத்து, வேலைக்குப் போகிறான்.

டாக்டரை நினைத்து ஏங்குகிறேன், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. அவருடைய கத்திகள் அடுத்து வருபவருக்குப் போய்விடும். அவரது பொறுமையில் கொஞ்சமாவது என்னிடம் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். கிடா மட்டும் நிச்சயமாக என்னுடையது. வாசலில் டாக்டருடையதைப் போலச் சப்பாத்துக் காலடிச் சத்தம் கேட்டால் அது தலையைத் தூக்கிப் பார்க்கிறது. நானும் பார்க்கிறேன்.